புறாக்காரனின் சாட்சி

அய்யாஷின் சாட்சி செல்லாது. யூப்ரடீஸ் கரையிலிருந்த அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். புறா பறக்கவிடுகிறவன் அடுத்தவன் புறாவைத் தன் மாடியில் இறக்கிக்கொண்டு, என்னுடையதுதான் என்று ஆண்டவன் மேல் ஆணையிடுவான். ஆகவே வழக்கிலும் நிக்காஹிலும் அவனைச் சாட்சியாக நிறுத்துவதில்லை. போதாததற்கு, பொழுதுக்கும் மாடியில் நிற்கிறவன் வானத்தை மட்டுமா பார்ப்பான்?

அய்யாஷ் வானத்தை மட்டும்தான் பார்த்தான். அவன் ஒழுங்காகக் கீழே பார்த்தது ஒரே தடவை. ஹாஜி தஹாமின் மகள் ஷம்ஸா, புருஷன் வேண்டாம் என்று தீர்த்துக்கொண்டு வந்தவள், தன் மாடியில் இறங்கிவிட்ட அவன் புறாவைக் கூடையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நின்றாள்.

"உங்க புறா. எங்க கோழித் தீனியத் தின்னே வாழுது. ஆக்கித் தின்னிருப்பேன், வெறும் எலும்பா இருந்துச்சு."

இறங்கிய புறாவைத் திருப்பிக் கொடுத்த மனுஷரை அய்யாஷ் அதுவரை கண்டதில்லை. மாமாவைப் பெண் கேட்க அனுப்பினான்.

"புறாக்காரனுக்கா?" என்றார் ஹாஜி. கேட்டு வந்தவர் சம்மதம் கிடைக்காமல் காபியைத் தொடுவதில்லை. மாமா கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

அய்யாஷ் புறாக்களை ஒன்றுவிடாமல் விற்றான். ஆற்று நடுவிலிருந்த பறவைக் காப்பகத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தான். சுற்றிலும் பாலைவனம், நடுவில் அந்த நாணல் திட்டு. வலசை போகிற பறவை எதுவானாலும் அங்கேதான் மூச்சு வாங்கும். அதிகாரி அவன் கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிவிட்டார். குடிகாரனுக்குக் கள்ளுக்கடையில் வேலை கிடைத்த கதைதான். அந்தரத்தில் நின்றபடி சிறகடித்து, பிறகு தலைகீழாக ஆற்றில் விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குப் புறாக்கள் மேல் இளக்காரமே வந்துவிட்டது.

அந்தக் கோடை முடிந்ததும் மாமாவும் அவனும் மறுபடி போனார்கள். பைனாகுலரைக் கழற்ற அவனுக்குத் தோன்றவில்லை.

"நீ வாயத் திறக்காத," என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

காபி வந்தது. ஹாஜி அவன் கழுத்தையே பார்த்தார்.

"முன்ன வெறுங்கண்ணால பார்த்தான். இப்ப கருவி வச்சுப் பார்க்கிறான். இதுதான் திருந்தினதா? திட்டுக்கு நேர் எதிர்ல என் மாடி."

"உங்க மாடி எதுன்னே எனக்குத் தெரியாது ஹாஜி. ஆத்துலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒரே மண்ணு."

"சத்தியம் பண்ணு."

"பண்றேன்."

"உன் சத்தியத்த வச்சு நான் பல்லு குத்தவா?"

மாமாவுக்கே சிரிப்பு வந்தது. தாடியைத் தடவுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

அய்யாஷுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மாடியப் பார்த்து எனக்கு என்ன ஆகணும்? அந்தப் பக்கத்துல ஒரு கழுதை இருக்கு ஹாஜி. கோடை பூரா, மீன்கொத்தி வந்து நிக்கிற நேரமாப் பார்த்து, ஒரு சிவப்புப் போர்வைய உதறும். பறவை பறந்துடும். அந்தக் கழுதைதான் எனக்கு எதிரி."

"யாருன்னு பார்க்கலியா?"

"எப்படிப் பார்க்கிறது? மீன்கொத்தி எதிர்ப்பக்கம் போகுது. நான் அது பின்னால போயிடுவேன்."

உள்கதவு லேசாகத் திறந்தது.

"அந்தக் கழுதை நான்தான்," என்றாள் ஷம்ஸா. "உதறி உதறித் தோள்பட்டை போச்சு. போர்வையும் நைஞ்சு போச்சு. இவர் ஒருநாள்கூடத் திரும்பலை, வாப்பா. எங்க வேணும்னாலும் வந்து நான் சாட்சி சொல்றேன்."

"நீ எதுக்குடி உதறின?"

கதவு மறுபடி முக்கால்வாசி சாத்திக்கொண்டது.

ஹாஜி மகள் நின்ற பக்கம் பார்த்தார். அய்யாஷைப் பார்த்தார். அவன் முகத்தில் இன்னும் மீன்கொத்தி பறந்துபோன துக்கம்தான் இருந்தது.

"புறாக்காரனுக்குக் குடுக்காதன்னுதான் பெரியவங்க சொன்னாங்க," என்றார் மாமாவிடம். "குருடனுக்குக் குடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. குடிங்க."

மாமா ஒரே மடக்கில் குடித்தார், ஹாஜி மனம் மாறுவதற்குள்.

"நாளையிலேர்ந்து பச்சைப் போர்வை," என்றது கதவு. "அதுக்காவது திரும்புவீங்களா?"

அய்யாஷ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"பச்சைன்னா நல்லது," என்றான். "மீன்கொத்தி பயப்படாது."