செராக்ஸ் எடுக்கப் போனவள்

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். அதைப் பணிவு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அவர்களில் ஒருவர்.

கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. செந்துறையிலிருந்து அரியலூர் போய், அங்கே பஸ் மாறி, ஒன்பது மணிக்கே போய்விட்டேன். பதினொன்றரை வரை என்னை உள்ளே கூப்பிடவில்லை. ஆபீஸில் வேலை பார்த்த அக்கா மட்டும், "உக்காரும்மா, அவரு அப்படித்தான்" என்று ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

பிறகு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ஆறாம் வகுப்பில் பின்னம். போர்டில் எழுதத் தொடங்கியதுமே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாளாளர், "சத்தமா பேசு. காலையில சோறு திங்கலையா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். "எந்த ஊரு, செந்துறையா? அதான் இப்படி இருக்க." மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. என்னைப் பேசியதைக்கூட விடுங்கள். வேலை கிடைத்தால் திங்கட்கிழமை அதே பிள்ளைகள் முன்னால் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஆனால் வேலை கிடைத்துவிட்டது. அதுதான் சிக்கலே. எங்கள் பக்கத்தில் சில பள்ளிகளில், வேலைக்குச் சேருகிறவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாதாம். என் ஃபைல் ஏற்கெனவே அவர் மேசைமேல் இருந்தது. பத்தாவதிலிருந்து பி.எட். வரை நான் படித்தது மொத்தமும் அதற்குள். அவர் பீரோ சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"சார், செராக்ஸ் எடுத்து வைக்கலைங்க" என்றேன். பச்சைப் பொய். இரண்டு செட் என் கைப்பையிலேயே இருந்தது.

"இதுகூடவா தெரியாது? நீயெல்லாம் கணக்கு சொல்லிக் குடுத்து..." என்று தலையில் அடித்துக்கொண்டு ஃபைலை என் பக்கம் தள்ளினார். "எதுத்தாப்புல கடை இருக்கு. ஓடிப் போயி எடுத்துட்டு வா." என்னைக் கொஞ்சமாவது புத்தியுள்ளவள் என்று மதித்திருந்தால் தந்திருக்க மாட்டார்.

ஓடினேன். கடையைத் தாண்டி, நேராக பஸ் ஸ்டாண்டுக்கு. அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை வாங்கித் தின்றேன். வேலை போன துக்கம் துளிகூட இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த இண்டர்வியூவிலிருந்தும் திரும்பியதில்லை.

பாதி வழியில் போன் வந்தது. ஆபீஸ் அக்கா.

"எங்கம்மா இருக்க? சார் கத்துறாரு."

"பஸ்ல இருக்கேன்க்கா. வர மாட்டேன்னு சொல்லிடுங்க."

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நல்லபடியா போம்மா. என்னுது ஆறு வருஷமா அந்த பீரோவுலதான் இருக்கு."