வரி மாறி ஏறிய சொல்

அடிஸ்கேலைப் புத்தக வரிக்குக் கீழே வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அர்கிரோ சத்தம் போட்டு வாசிக்கிறாள். எழுத்தை மட்டுமல்ல, கமா, புள்ளி, எழுத்தின் தலையில் நிற்கும் சின்னக் கீற்று, எதையும் விடுவதில்லை. ஒரு வரி முடிந்ததும் கண் கணினித் திரைக்குப் போகும். அதே வரி அங்கே அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்கேல் கீழே இறங்கும். இரண்டாயிரம் வருடப் பழைய கிரேக்கத்தை அவள் வாசிப்பதைக் கேட்டால் கப்பானி சந்தையில் மீன் விலை கூவுகிறார்கள் என்றே தோன்றும். மாடி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, ஜன்னல் திறந்திருந்தால், தினமும் இந்தக் கச்சேரிதான்.

தெசலோனிக்கியில் எங்கள் துறையின் தரைத்தளத்தில் அவளுக்கென்று ஓர் அறை. பழைய கிரேக்க, லத்தீன் நூல்களையெல்லாம் கணினியில் ஏற்றி, ஒரு சொல்லைத் தட்டினால் அது எந்த நூலில், எந்த வரியில் வருகிறது என்று காட்டும் மென்பொருளை எழுதியவள் அவள். இருபத்திரண்டு வருடமாக அதைக் கட்டி மேய்ப்பவளும் அவளே. அதற்கு முன்பு பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாடை இன்னும் போகவில்லை. சொற்களெல்லாம் அவளுக்குப் பயணிகள். “உங்க ஆள் மூணாம் நூற்றாண்டுல ஏறி ஏழாம் நூற்றாண்டுல எறங்கிட்டான். அப்புறம் எங்க போனான்னு எனக்குத் தெரியாது” என்று பேராசிரியர்களிடம் சொல்வாள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. “டிரைவர் பயணிகிட்ட ஊர்க்கதையா கேட்டுட்டிருப்பான்?” என்று சீறுவாள்.

புகாட்சா பலகாரத்தோடு யாரும் அவள் அறைக்குள் நுழைய முடியாது. மேலே தூவிய சர்க்கரை விசைப்பலகைக்குள் போய்விடுமாம். அவளே சாப்பிட்டாலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான். வர்தாரிஸ் காற்று அடிக்கிற நாளில் பாதி சர்க்கரை அவள் புருவத்தில் இருக்கும், அதோடு வந்து துறைத் தலைவரிடம் கூசாமல் பேசுவாள். ஒருமுறை தேடிக் கொடுத்ததை இன்னொரு முறை தேடச் சொன்னாலும் பிடிக்காது. “நான் என்ன கண்ணாடியத் தொலைச்ச கிழவியா, அதே எடத்துல மறுபடி தேட?”

இந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவர் ஒருவர் உண்டு. ஃபேதோன் மலக்கோசிஸ், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பதினோரு வரி மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு பழங்காலப் பெண் கவிஞரைப் பற்றி ஒன்பது வருடமாகப் புத்தகம் எழுதியவர். அந்தப் பதினோரு வரியில் ஒரு சொல் வருகிறது, ‘விடியலின் ஈரம் ஏறிய’ என்று பொருள். வேறு எந்த நூலிலும் அது கிடையாது, ஆகவே அந்தக் கவிஞரே உண்டாக்கியது, என்பது மலக்கோசிஸின் கட்சி. யாராவது மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை வந்து தேடச் சொல்வார். அர்கிரோவும் முனகிக்கொண்டே தேடுவாள். இந்த வசந்தத்தில் புத்தகம் முடிந்தது. பெயர், ‘அவள் உண்டாக்கிய சொல்’. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமை கீழே வாசிப்பு பாதியில் நின்றது. அவள் பாதியில் நிறுத்துகிறவள் இல்லை. இறங்கிப் போனேன். மேசையில் ஒரு பழைய குதிரை வைத்திய நூல். எப்போதோ கணினியில் ஏற்றியது, இப்போதுதான் சரிபார்க்க அதன் முறை வந்திருக்கிறது.

“டோம்னா, இந்தக் கோட்டைப் பாரு.”

ஒரு வரியின் கடைசியில் பாதிச் சொல், அடுத்த வரியின் தொடக்கத்தில் மீதி. இடம் போதாதபோது அச்சடிப்பவர்கள் சொல்லை உடைத்து ஒரு சிறு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைக் கண்டால் இரண்டு பாதியையும் ஒட்டிவிடு என்று அவள் மென்பொருளுக்குச் சொல்லியிருந்தாள். இந்தப் புத்தகத்திலோ ஒற்றைக் கோட்டுக்குப் பதில் சாய்ந்த இரட்டைக் கோடு. மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்து வாசித்தேன். மலக்கோசிஸின் சொல்.

‘விடியலின் ஈரம் ஏறிய புல்லைக் குதிரைக்குப் போடாதே, வயிறு ஊதும்.’ எழுதிய வைத்தியர் அந்தக் கவிஞருக்கு இருநூறு வருடம் முந்தியவர்.

“பாதி ஒரு பஸ்ல, பாதி அடுத்த பஸ்ல ஏறிட்டான்” என்றாள். “நாலு புத்தகத்தைப் பாத்துட்டு எல்லாரும் இப்படித்தான் கோடு போடுவாங்கன்னு நெனச்சேன். என் தப்பு.”

நான் நல்லவளாக நடந்துகொள்ளவில்லை. “சத்தமில்லாம விட்டுடு அர்கிரோ. அந்தப் புத்தகத்த மொத்தம் முப்பது பேர் படிப்பாங்க.”

“அந்த முப்பது பேரும் எங்கிட்டதான் வந்து தேடுவாங்க. ஒருநாள் இந்தக் கோட்ட நான் சரி பண்ணித்தானே ஆகணும்? அன்னிக்கு அந்த மனுஷன் புத்தகத்தோட ஊர் முன்னாடி நிப்பாரு.”

தொலைபேசியை எடுத்தாள். மலக்கோசிஸ் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அட்டைப்படத்தைக் காட்டுவதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்தார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

குதிரை வைத்தியரின் வரியை இரண்டு தடவை படித்தார்.

“வயித்து ஊதலுக்கா?”

“ஆமா வாத்தியாரே.”

“அவளுக்கு முன்னாடியேவா?”

“இருநூறு வருஷம்.”

அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். “உங்களுக்கு ஒரு கோடு, அர்கிரோம்மா. எனக்கு ஒன்பது வருஷம்.”

அவள் ஸ்கேலை அந்த இரட்டைக் கோட்டுக்குக் கீழே மறுபடி வைத்தாள். மலக்கோசிஸ் அதைப் பார்க்காமலே தொடர்ந்தார்.

“அவளோட பதினோரு வரிய விட்டுட்டு மத்ததுல தேடுங்கன்னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் உங்க திரையில ஒரே வார்த்தைதான் வரும். ‘இல்லை.’ முப்பது வருஷம் இலக்கணம் நடத்தினவன் நான். இல்லைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? நம்பிட்டேன்.”

தாழ்வாரத்துக்குப் போய் அச்சகத்தோடு பேசினார். “வெள்ளிக்கிழமை வேண்டாம். நிறுத்திடுங்க. ஆமா, அட்டையும்தான்” என்பது உள்ளே கேட்டது. பிறகு அறைப்பக்கம் திரும்பாமலே வாசல் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் என்னவோ ஆறுதல் சொன்னேன், அர்கிரோவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மென்பொருளில் தான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எழுதிய பகுதிகளைத் திறந்து, மேலும் கீழும் தேடினாள். தேடிய சொல் அகப்படாதபோது திரையில் வரவேண்டிய பதில் ஓரிடத்தில் இருந்தது. அந்த ‘இல்லை’யை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, அதே இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று அடித்தாள்.