சுப்பாத்தாள் சொல்லாத பெயர்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் கோவிந்தாபுரத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சென்னியப்பனின் ஜீப் இன்னும் மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்து நிற்கிறது. அன்று வீடு வந்து சேர்ந்த பிறகு அவர் அதில் ஏறவே இல்லை. பேய் பிசாசு என்றால் கிண்டல் பண்ணுகிற ஆள்தான் அவரும்.

நடந்தது 1974 கோடையில். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவர் மனைவி சுப்பாத்தாள் முழுகாமல் இருந்தாள். மசக்கையில் மாங்காய் கேட்டிருந்தால் வம்பில்லை. யானை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கவேண்டும் என்றாள். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. அவள் கேட்டதைத் தட்ட அவருக்கு மனசு வரவில்லை. அவருடைய ஆத்தா திட்டத் திட்ட, அவளை ஏற்றிக்கொண்டு பரம்பிக்குளம் காட்டுக்கு ஜீப்பை விட்டார்.

பொழுது சாயும்போது ஒரு குட்டைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். மேடேறி வந்ததில் ரேடியேட்டர் கொதித்துப்போயிருந்தது. ஆறட்டும் என்று இருவரும் பேசாமல் உட்கார்ந்தார்கள்.

முதலில் மான்கள் வந்தன. பயமில்லாமல் குடித்தன. சுப்பாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போது ஜீப்பின் பின்பக்கம் லேசாக அமுங்கியது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

திரும்பிப் பார்த்தார். காலி.

மான்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி ஜீப்பையே பார்த்தன. அடுத்த நொடி ஒன்றுகூட இல்லை.

பிறகு யானைகள் வந்தன. முன்னால் வந்த பெரிய யானை தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. தும்பிக்கையைச் சுப்பாத்தாள் பக்கம் நீட்டி மோந்தது. குட்டியைக் காலுக்கிடையில் இழுத்துக்கொண்டு, ஒரு வாய் குடிக்காமல் கூட்டத்தோடு திரும்பிப் போனது. அந்தக் கோடையில்!

"ஏனுங்க... போயிர்லாமுங்க."

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தாம வண்டி தாங்காது கண்ணு. நீ எறங்காத."

டின்னை எடுத்துக்கொண்டு குட்டைக்கு நடந்தார். இருட்டிவிட்டது. தவளைச் சத்தம்கூட இல்லை. குனிந்து மொண்டார். க்ளக்... க்ளக்...

"சென்னியப்பா..."

சுப்பாத்தாளின் குரல்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். ஏழு வருஷத்தில் அவள் அவர் பேரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லுவாள்.

"சென்னியப்பா... வா..."

டின் கைநழுவியது. ஓடினார். அவளுக்கும் பிள்ளைக்கும் என்ன ஆச்சோ என்று ஓடினார்.

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சீட்டில் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"நீயா கூப்புட்ட?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

தண்ணீர் ஊற்றாமலே வண்டியைக் கிளப்பினார். செக்போஸ்ட் வெளிச்சம் தெரியும்வரை நிறுத்தவில்லை. வழி முழுக்க அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. லட்சணமான பிள்ளை. ஆனால் இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை.

அந்த வீட்டில் சென்னியப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. ஆத்தாவுக்கு அவர் 'சாமி'. பண்ணையாட்களுக்குப் 'பண்ணாடி'. சுப்பாத்தாளுக்கு 'ஏனுங்க'.

ஒரு சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். குழந்தை அவரைப் பார்த்தது. முதன்முதலாக வாயைத் திறந்தது.

"சென்னியப்பா... வா..."

அதே குரல். சுப்பாத்தாளின் குரல்.

உள்ளேயிருந்து ஓடிவந்த சுப்பாத்தாள் சுவரோடு சாய்ந்து நின்றாள். அத்தனை நாள் மறைத்ததை அப்போதுதான் சொன்னாள்.

"அன்னிக்கு அந்தச் சத்தம் வெளிய இருந்து வரலீங்க... என்ற வவுத்துக்குள்ள இருந்து வந்துச்சுங்க."