மலைக்காய்ச்சலுக்குப் பணம் கிடையாது

இன்ஷ்யூரன்ஸ் விற்கிறவனுக்கு முதல் பாடம், சாவு என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாவைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவது.

போடி ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதாவது இரண்டாவது உலகச் சண்டைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு முன்னால், நான் மூன்று வருஷம் அந்தத் தொழிலில் இருந்தேன். அல்லிநகரத்தில் வீடு. ஒரு சைக்கிள். பட்டணத்துக் கம்பெனியின் பெயர் பொறித்த ஒரு தோல் பை. இதைப் படிக்கிற உங்களில் பாலிசி விற்றவர்களும் இருப்பீர்கள், வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் இருப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவான சங்கடம் ஒன்று உண்டு. அந்தத் தாளை நம்மில் யாருமே முழுசாகப் படித்திருக்க மாட்டோம்.

ஏதாவது

என்னை வேலைக்குச் சேர்த்த இன்ஸ்பெக்டர் மாசத்துக்கு ஒரு தடவை மதுரையிலிருந்து ரயிலில் வருவார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். "'செத்துப்போனால்' என்று சொல்லாதே. 'ஏதாவது ஆகிவிட்டால்' என்று சொல்" என்பது அவர் உபதேசம். அந்த உபதேசத்தை எடுத்துக்கொண்டு நான் முதலில் போன ஊர் கோம்பை. போன வீடு மாயாண்டியின் வீடு. கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்தார். வருஷத்தில் ஐந்து மாசம் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கி வேலை பார்ப்பார். அவர் மனைவி ஒச்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா ஐந்நூறு ரூபாய் வீடு தேடி வரும்" என்றேன்.

"என்ன ஆனா?"

"ஏதாவது."

"மாடு முட்டுனா?"

"அதுக்கில்லை."

"காலு ஒடிஞ்சா?"

"அதுக்கும் மேல."

"ரெண்டு காலும் ஒடிஞ்சா?"

எனக்கு வியர்த்துவிட்டது. மாயாண்டி விடவில்லை. "சரி, எங்கன வச்சு ஆனாலும் குடுப்பாகளா?" என்று கேட்டார். "எங்கே, எப்படி ஆனாலும்" என்று நானும் அடித்துச் சொன்னேன். ஒச்சம்மா புளியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நீங்க செத்தாத்தான் குடுப்பாகளாம். அதைச் சொல்ல அந்தத் தம்பிக்கு வாய் வரல. ரேகையை வச்சு அனுப்புங்க, வெயில் ஏறுது."

சாக்குக் கழிவு

பாலிசி எடுக்கிறவரை டாக்டர் பார்த்து, மார்புச் சுற்றளவு, உயரம், எடை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். தேனியில் எங்கள் டாக்டரிடம் நாடா இருந்தது, ஆளை நிறுக்கும் தராசு இல்லை. அதனால் பக்கத்து மண்டியில் பருத்தி நிறுக்கும் தராசுக்கு மாயாண்டியைக் கூட்டிப்போனேன். ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் மாயாண்டி. சந்தைக்கு வந்த கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. "இந்த உருப்படி என்ன விலைக்குப் போகுது?" என்று ஒருவர் கேட்கவும் செய்தார்.

தராசுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை டாக்டர் பார்த்தார். மாயாண்டியைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பருத்தி மூட்டையில் சாக்கு எடையைக் கழிக்கிற மாதிரி, எடைக்குக் கீழே 'கழிவு இரண்டு ராத்தல்' என்று போட்டுக் கழித்திருந்தது. நான் திரும்பிப் போய், "என்னய்யா இது, மனுஷனுக்கு எதுக்குக் கழிவு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கழிவு போடாம எனக்கு எழுதி வழக்கமில்லீங்க. வேணும்னா வேட்டிக்குன்னு வச்சுக்கங்க."

பின்பக்கம்

தேனிக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த ஞானமுத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சோப்பு சுற்றி வரும் தாளில் இங்கிலீஷ் இருந்தாலும் அதையும் படித்துவிட்டுத்தான் கசக்குவார். அவரும் என்னிடம் ஒரு பாலிசி எடுத்தார். பாலிசி தபாலில் வந்த இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏஜெண்டு, இங்கன உக்காருங்க. பின்பக்கம் பாத்தீகளா?"

பின்பக்கம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் ஏதோ அச்சாகியிருக்கும். அதை அழகுக்குப் போட்ட கரை என்று நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. ஏறக்குறைய அப்படித்தான். ஞானமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். காட்டிலோ மலைத் தோட்டத்திலோ தங்கியதால் வந்த காய்ச்சலில் மரணம் நேர்ந்தால் கம்பெனி பணம் தராது. கம்பம் பள்ளத்தாக்கில் நான் விற்றிருந்த பாலிசிகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

"என்னத் தவிர நீங்க பாலிசி குடுத்த ஆளுக அத்தன பேரும் மலை ஏறுறவுக. ஏறாத இன்னொரு ஆளு நீங்கதான். உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டீகளா?"

இன்ஸ்பெக்டரின் விளக்கம்

அந்த மாசம் இன்ஸ்பெக்டர் வந்ததும், ஸ்டேஷனுக்கு வெளியிலேயே அவரை நிறுத்திப் பின்பக்கத்தைக் காட்டினேன். "இது எனக்குத் தெரியாதே சார். எங்கே எப்படி ஆனாலும் பணம் வரும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே" என்றேன். அவர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு, ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்:

"உன்னை விற்கத்தானேய்யா சொன்னேன், படிக்கவா சொன்னேன்?"

வாய்ப்பேச்சு

உடனே கோம்பைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கு சைக்கிளில் காற்று இல்லை, நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று பதினைந்து நாள் தள்ளினேன். ஒருவழியாகப் போனபோது மாயாண்டி மலைக்குப் போய்விட்டிருந்தார். ஒச்சம்மாவிடம், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லி மோரை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்த மோரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புளிக்கிறது.

மாயாண்டியை நடுங்கும் காய்ச்சலோடு டோலியில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். பத்தாம் நாள் இறந்துபோனார். பணம் கேட்கும் மனுவை நான்தான் பூர்த்தி செய்து அனுப்பினேன். மலைக்காய்ச்சலுக்குப் பணம் கிடையாது என்று நாலே வரியில் பதில் வந்தது. ஒச்சம்மா பஸ் ஏறி அல்லிநகரம் வந்தாள். பாலிசியை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கன வச்சு ஆனாலுமான்னு அவுக கேட்டாக. எங்கே ஆனாலும்னு நீங்க சொன்னீக. நான் பக்கத்துலதான் இருந்தேன். கம்பெனி பேசுறத விடுங்க தம்பி, இப்ப நீங்க என்ன பேசுறீக?"

என்மேலேயே சாட்சி

ஞானமுத்து எங்கள் இருவரையும் பெரியகுளத்தில் தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கூட்டிப்போனார். வக்கீல் பாலிசியைப் புரட்டினார். அதன் கடைசியில் விண்ணப்பத்தின் நகல் தைத்திருந்தது. அதில் தொழில் என்ற இடத்தில், 'விவசாயம். வருஷத்தில் ஐந்து மாசம் மலையில் ஏலத் தோட்ட வேலை' என்று என் கையெழுத்தில் இருந்தது. மாயாண்டி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். மலைக்குப் போகிற ஆள் என்று தெரிந்தே கம்பெனி இரண்டு வருஷம் பணம் வாங்கியிருக்கிறது. வக்கீலின் முகம் மலர்ந்தது.

"இது பாதி. ஏஜெண்ட் வாயால் என்ன சொன்னார் என்பதற்கு யார் சாட்சி?" என்றார்.

"ஏஜெண்டுதான்" என்றேன்.

நான் சொன்ன பொய்யை, அது பொய் என்று தெரியாமல் சொன்னதை, தெரிந்த பிறகும் கடைசிவரை வாயை மூடிக்கொண்டிருந்ததை, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் அனுப்பும் செலவு என்னுடையது என்று நானே சொன்னேன். வக்கீல் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருபது வருஷமா வக்கீலா இருக்கேன். குற்றத்தை ஒத்துக்கிட்டு, அதுக்கு ஃபீஸும் குடுக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்."

கோம்பை நாய்

நோட்டீஸ் போன ஒரு மாசத்தில் பட்டணத்திலிருந்து கம்பெனி அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். இளவயசு, மரியாதையான பேச்சு, கையில் குடை. கோம்பையில் ஒச்சம்மா வீட்டு முற்றத்தில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தோம். 'கம்பெனி இரக்கப்பட்டுப் பாதித் தொகை தரும், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்' என்பதுதான் அவர் கொண்டுவந்த சேதி. ஒச்சம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள். "அப்படியானால் நான் கிளம்புகிறேன்" என்று அவர் குடையை எடுத்தார்.

மாயாண்டியின் நாய் அதுவரை சுவரோரம் படுத்திருந்தது. செந்நிறம், கறுத்த மூஞ்சி. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன அந்த ஊர் நாய்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவரை அது தடுக்கவில்லை. குடையோடு எழுந்தவருக்கு முன்னால் வந்து நின்று, தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. அதிகாரி உட்கார்ந்தார். சத்தம் நின்றது. மறுபடி எழுந்தார். மறுபடி சத்தம். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தபடியே விண்ணப்ப நகலை வாங்கிப் படித்தார். என் வாக்குமூலத்தைப் படித்தார். ஒச்சம்மா சொன்னதையெல்லாம் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நிழல் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போய்விட்டது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லாமல், "அம்மா, தயவுசெய்து இதைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்" என்று கெஞ்சினார்.

"நான் கூப்பிட்டா வராதுங்க. அவுக சொன்னாத்தான் அது விலகும். நீங்க அவுகளைத்தான் கேக்கணும்."

திருப்தி

அதிகாரி எழுதிக்கொண்டு போனதைப் படித்துக் கம்பெனி இறங்கி வந்தது. தவறு என்று ஒத்துக்கொள்ளாமல், பெரிய மனசு பண்ணி முழுத் தொகையும் தருவதாகக் கடிதம் போட்டது. மலைக்குப் போகிற மற்றவர்களுக்கு, கட்டிய பணம் திரும்ப வேண்டுமா, அல்லது அந்த நிபந்தனையை நீக்கிய பாலிசி வேண்டுமா என்று கேட்டது. ஊர் ஊராகப் போய் நானே கேட்டு எழுதி அனுப்பினேன். அதுதான் அந்தக் கம்பெனிக்கு நான் செய்த கடைசி வேலை. அதே தபாலில் என் ஏஜென்சி ரத்து என்றும் ஒரு காகிதம் வந்திருந்தது.

பணம் வருவதற்கு முன்னால் ஒச்சம்மா ஒரு ரசீதில் ரேகை வைக்க வேண்டும். மசியைத் தடவிக்கொண்டு கட்டைவிரலை நீட்டியவள், "முதல்ல படிங்க. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும்" என்றாள். படித்தேன். 'மேற்படித் தொகையை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அது எல்லா ரசீதிலும் இருக்கிற வழக்கமான வார்த்தை, வக்கீல்கள் எழுதுவது, அதற்கு அர்த்தமே கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். மசி காய்ந்ததுதான் மிச்சம். ரசீதைத் திருப்பி அனுப்பினோம். கம்பெனி இருபது நாள் யோசித்து, அந்த வார்த்தை இல்லாத ரசீது ஒன்றைப் புதிதாக அச்சடித்து அனுப்பியது. அதில்தான் ரேகை வைத்தாள். பணத்தை வாங்கி மகளுக்கு ஒரு பசுமாடும், தனக்குக் கிணற்றடியில் ஒரு துண்டு நிலமும் வாங்கினாள். முதல் ரசீது வந்த அன்றைக்கு விரலைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதை எந்த வக்கீலும் எனக்கு இன்னும் மறுத்துச் சொல்லவில்லை:

"அவுக போனதுக்குப் பணம் குடுக்குறாக, வாங்கிக்கிறேன். திருப்தின்னு நான் எப்படித் தம்பி ரேகை வைக்கிறது?"

இப்போதெல்லாம் யாராவது பாலிசியோடு என்னிடம் வந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிக்கிறேன். அந்தப் பழக்கம் அன்றைக்கே இருந்திருந்தால் மூன்று வருஷத்தில் ஒரு பாலிசிகூட நான் விற்றிருக்க மாட்டேன்.