அப்பாவின் கல்வெட்டு

எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் கல் அல்ல, கடதாசி. ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். அட்டையில் அவருடைய படம், உள்ளே தேவாரமும் புகழுரைகளும். ஊரில் ஒருவரோடும் முகங்கொடுத்துக் கதைக்காத மனிதரும் அதில் இன்முகத்தவர் ஆகிவிடுவார். அப்பாவோ பண்டத்தரிப்புப் பள்ளியில் நெடுங்காலம் அதிபராக இருந்தவர். பள்ளி மண்டபத்துக்கு அவர் பெயர். ‘கல்வித் தந்தை’ என்ற பட்டம் வேறு. அவருடைய கல்வெட்டு தலையணை மொத்தத்தில் வரும் என்று நினைத்தேன். செத்தவீட்டுக்கு வந்த பெரிய மனிதர்களைக் கவனித்ததில் எனக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த கிழமை, அவரிடம் படித்த ஒரு பெண் முகநூலில் எழுதினார். வகுப்பில் முதலாவதாக வந்த தன்னை, சாதியைப் பார்த்து, பரிசளிப்பு விழா மேடையில் அப்பா ஏற்றவில்லையாம். மறுநாள் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுப் பரிசைக் கையில் கொடுத்தனுப்பினாராம். ஊரே அதைப் பகிர்ந்தது. மண்டபத்தின் பெயரை எடுக்கப்போவதாகப் பழைய மாணவர்கள் அறிவித்தார்கள். புகழுரை தருவதாகச் சொன்னவர்களுக்கெல்லாம் திடீரென்று சுகமில்லாமல் போனது.

கனடாவிலிருந்து அண்ணை போனில் கத்தினார். “உது பச்சைப் பொய். கல்வெட்டிலை மறுப்பு எழுது. அப்பான்ரை பேர் என்ன ஆகிறது?”

எழுத வேண்டியவள் நான். அப்பாவின் குணம் தெரிந்தவளும் நான்தான். அம்மாவிடம் கேட்டேன்.

“ஓம், நடந்ததுதான்,” என்றார் அம்மா. “நான் முன்வரிசையிலை இருந்தனான். அந்தப் பிள்ளை புதுச்சட்டையோடை கடைசிமட்டும் மேடையைப் பாத்துக்கொண்டு இருந்தது. அதுக்குப் பிறகு நான் ஒரு பரிசளிப்புக்கும் போகேல்லை.”

வலித்தது. ஆனால் அப்பாவுக்காகப் பொய் எழுதத் தேவையில்லை என்றதும் பெரிய நிம்மதியாக இருந்தது. அம்மா அதையே அண்ணைக்கும் சொன்னார். அவர் போனை வைத்துவிட்டார்.

அச்சகக்காரர் அட்டையைக் காட்ட வந்தார். “கல்வித் தந்தை எண்டு இருக்கட்டோ அம்மா, எடுக்கட்டோ?”

“எடுங்கோ தம்பி. பேருக்கு முன்னாலை அமரர் எண்டு மட்டும் போடுங்கோ. அது செத்த எல்லாருக்கும் போடுறதுதானே,” என்றார் அம்மா.

அச்சகக்காரர் போன பிறகு, அட்டையில் இருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்து முதல்தடவையாக வாய்விட்டு அழுதேன்.