இடைவேளைத் தேநீர்

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து முள்வேலி வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். சீனிக்கும் அதே தடை. எனக்கோ இனிப்பு நீர், அதுவும் இளவயதிலேயே வந்து, நாளுக்கு இரண்டு இன்சுலின் ஊசியில் உயிரைப் பிடித்து வைக்கும் வகை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. சனிக்கிழமைகளில் கால்பந்து, இடது ஓரத்தில் ஓடுவேன். ஓடும்போது மட்டும்தான் நோயாளி என்பது எனக்கு மறந்திருக்கும்.

ஓடுவதற்கும் கணக்கு உண்டு. ஓடினால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், அளவுக்கு மீறி இறங்கினால் மயக்கம்தான். ஆட்ட நாளில் மருந்தில் நான்கு யூனிட் குறைப்பேன். பையில் ஆறு கரண்டி சீனி: மூன்று தொடங்கும் முன், மூன்று இடைவேளைக்கு. காலையில் சிறுநீரை மருந்துநீரோடு காய்ச்சி நிறம் பார்ப்பேன். சிவந்தால் சர்க்கரை அதிகம், நீலமாகவே நின்றால் இல்லை. எவ்வளவு இறங்கிவிட்டது என்று சொல்ல நீலத்துக்குக் கீழே நிறம் கிடையாது.

எங்கள் திடல் வேலிக்கு உள்ளே இருந்ததால் தொல்லையில்லை. நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட லாரி ஏறிய அன்று, வாசல் காவலர் என் பொட்டலத்தை எடுத்துவிட்டார்.

"கூலா தா போலே, கிராணி." சீனி கூடாது. நோயைச் சொன்னேன். இனிப்பு நீர்க்காரனுக்குச் சீனி எதற்கு என்று சிரித்தார். மூன்று கரண்டியை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டேன். மீதி போயிற்று. இடைவேளையில் தேநீர் தருவார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

தந்தார்கள். எல்லோருக்கும் இனிப்பு டின்பால் ஊற்றியது, எனக்கு மட்டும் தனிக் குவளையில் கறுப்பாக. எங்கள் கேப்டன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

"அண்ணே, எனக்குச் சீனி வேணும்."

"ஆசையப் பாரு! உனக்குத்தான் ஆவாதே."

"ஓடறப்ப வேணும்ணே. இல்லாட்டி விழுந்துடுவேன்."

"என் தங்கச்சி கல்யாணத்துல லட்டு வேணாம்னு நீதான லா சொன்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவனின் குவளையை எட்டினேன். கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்துடுவ, தம்பி." அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது.

இரண்டாம் பாதியில் வேர்வை குளிர்ந்தது. பந்து இரண்டாகத் தெரிந்தது. விழுந்தபின் நாக்கு எழவில்லை, காது மட்டும் கேட்டது.

"தித்திப்பா ஏதாச்சும் குடுங்கப்பா" என்றான் ஒருவன்.

"வேணாம்! ஏற்கெனவே ஏறிப்போய்க் கிடக்கான்" என்று கேப்டன் கத்தினார். பாகற்காய்ச் சாறு தேடி ஆள் ஓடினான்.

ஜாசின் மருத்துவமனையில் கண் திறந்தபோது நரம்பில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் விளக்கியதைக் கேட்டுவிட்டுக் கட்டிலருகே கேப்டன் அழுதார். எனக்கு அதில் ஒரு நம்பிக்கை பிறந்தது.

"அப்ப இனிமே எனக்குச் சீனி எடுத்து வைப்பீங்கல்ல, அண்ணே?"

"எங்கேருந்துடா எடுப்பேன்? கேட்ல விடமாட்டான். போற எடத்துல தேத்தண்ணி இல்லைன்னா? உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? வேணாம்டா. நீ ஓடாத."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் தாங்கமுடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டான். என்னைத் திடலோரம் உட்காரவைத்துக் கோல் எண்ணச் சொன்னார்கள். நாங்கள் ஐந்து, எதிரணி ஒன்று. ஐந்தில் இரண்டு அவன் போட்டவை. அன்றிலிருந்து நான் எதற்காகவும் ஓடியதில்லை. பஸ் கிளம்பினால்கூட நின்றுவிடுவேன், போகட்டும் என்று.