மாமரத்தைச் சுற்றி ஒரு முழம் மண்

புக்கிட் பாருவில் என் மகள் தன் வீட்டின் பின்புறம், மாமரத்தடியில் தியானம் செய்ய ஒரு சிறு இடம் கட்டுகிறாள். இன்று காலை, குழைத்த சிமெண்டின் வாசம் மூக்கில் ஏறியதும் எழுந்து கொத்தனாரிடம் போனேன்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், நாங்கள் அப்போது குடியிருந்த காஜா பெராங்கில் அப்பாவும் இப்படித்தான் எங்கள் மாமரத்தடியில் தியானத்துக்கு இடம் அமைத்தார். காலில் சேறு ஒட்டக்கூடாதென்று, அடிமரம் வரைக்கும் இடைவெளியே இல்லாமல் சிமெண்டு பூசினார். விடிந்ததும் அங்கே சம்மணமிட்டு மூச்சை இழுத்து விடுவார். சில மாதங்களில் மரத்தின் இலைகள் பழுத்துக் கொட்டின.

"மரத்துக்குத் துணி துவைச்ச சவுக்காரத் தண்ணி ஊத்துனது யாரு?" என்று என்னைப் பார்த்து உறுமினார்.

ஊற்றியவள் நான்தான், ஒரே ஒரு தடவை. ஏழு வயதில் மரத்தைக் கொன்ற பாவியாக, சோறு இறங்காமல் திரிந்தேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைய ஏன் வையிறீங்க? மரத்த மூச்சு விட முடியாம அடைச்சிப்புட்டு, அதுக்கடியிலயே உக்காந்து மூச்சுப் பயிற்சி பண்றது நீங்கதானே!"

அப்பா கடப்பாரையை எடுத்துவந்து, தான் பூசியதைத் தானே உடைத்தார். மழைக்காலம் வந்ததும் ஒருநாள் என்னைத் தூக்கி, செந்தளிர் ஒன்றைத் தொடவைத்தார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

"தம்பி, மரத்தச் சுத்தி ஒரு முழம் மண்ண விட்டுடு," என்றேன் கொத்தனாரிடம்.

"மழை பெஞ்சா சேறாயிடும், ஆன்ட்டி."

"ஆவட்டும்லா. காலக் கழுவிக்கிறோம்."